புல்வெளிக்குப் போன கழிவுநீர்: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் இரண்டாவது குழாய் – ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் நெருக்கடியும்

ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், பினெல்லஸ் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கிறது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். கிழக்கிலும் தெற்கிலும் டாம்பா விரிகுடா. மேற்கில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய உப்புநீர்க் காயல். ஆண்டு மழை ஏறக்குறைய 1,300 மி.மீ., சென்னைக்குச் சற்றே குறைவு. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மண் காய்ந்து கிடக்கும். புல்வெளிகள் தண்ணீர் கேட்பது அந்த மாதங்களில்தான். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு இந்தப் பருவக் கணக்கே காரணம்.

ஊருக்குச் சொந்தமாக நம்பத்தக்க நன்னீர் கிடையாது. கரையோரக் கிணறுகள் உப்பேறிப்போக, 1930 முதல் பக்கத்து ஹில்ஸ்பரோ கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) தோண்டிய கிணறுகளிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. நகரம் வளர வளர உறிஞ்சும் அளவும் கூடியது. 1960களிலும் 70களிலும் அந்தப் பகுதியின் ஏரிகளும் சதுப்புகளும் வற்றத் தொடங்கின. தங்கள் தண்ணீரைக் கடற்கரை நகரங்கள் அவற்றின் புல்வெளிக்கு ஊற்றிக்கொள்கின்றன என்று அங்கிருந்தவர்கள் வழக்காடினார்கள். குறை சொல்ல முடியாத கோபம். புதிய கிணறுகளுக்கு அனுமதி எளிதில் கிடைக்காது என்பது நகர நிர்வாகத்துக்குப் புரிந்துவிட்டது.

இதே காலத்தில் டாம்பா விரிகுடாவும் கெட்டுக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர், அரைகுறைச் சுத்திகரிப்போடு அதில்தான் கலந்தது. அதிலிருந்த நைட்ரஜனைத் தின்று பாசி பெருகியது. நீர் கலங்கி, அடியில் வெளிச்சம் படாமல் கடற்புல் மடிந்தது. 1950 வாக்கில் சுமார் 40,000 ஏக்கரில் இருந்த கடற்புல் 1982இல் கிட்டத்தட்ட 21,600 ஏக்கராகச் சுருங்கியிருந்தது.

1972: சட்டம் வைத்த இரண்டு வழிகள்

1972இல் ஃபுளோரிடா சட்டமன்றம் வில்சன்–கிரிசில் சட்டத்தை நிறைவேற்றியது. டாம்பா விரிகுடாவில் கழிவுநீர் விடும் ஊர்கள் அதை உயர்நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படுத்த வேண்டும். அதாவது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெருமளவு அகற்ற வேண்டும். இல்லாவிட்டால் விரிகுடாவில் விடக்கூடாது.

எதிர்க்கரையிலிருந்த டாம்பா நகரம் முதல் வழியை எடுத்துக்கொண்டு 1979இல் தன் நிலையத்தை உயர்நிலைக்கு மாற்றியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பொறியாளர்கள் இரண்டாவது வழியில் இறங்கினார்கள். அவர்கள் வாதம் எளிது. நைட்ரஜனை நீக்க அதிகம் செலவாகும். அந்த நைட்ரஜன்தான் புல்லுக்கு உரம். அதை அகற்றிக் கடலில் விடுவதைவிட, நோய்க்கிருமிகளை மட்டும் ஒழித்துப் பூங்காவுக்கும் கோல்ஃப் திடலுக்கும் பாய்ச்சினால் விரிகுடாவும் பிழைக்கும், கிணற்று நீரும் மிச்சமாகும். ஒரே செலவில் இரண்டு நெருக்கடிகள் தீரும்.

காகிதத்தில் இந்த வாதத்துக்கு ஒரே ஒரு ஓட்டை இருந்தது, அதை அவர்களும் அறிந்தே இருந்தார்கள். கழிவுநீர் நாள் தவறாமல் வரும். புல் நாள் தவறாமல் குடிக்காது. மழைக்காலத்து உபரிக்கு என்ன வழி? தரைக்கடியில் ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்தில், ஏற்கெனவே உப்புநீர் நிறைந்த சுண்ணாம்புப் பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. மிஞ்சிய நீரை ஆழ்கிணறுகள் வழியே அதற்குள் செலுத்திவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பத்திரிகைகள் பின்னர் கொண்டாடியது பூங்காவுக்குப் போன குழாயை. திட்டத்தைத் தாங்கிப் பிடித்தது இந்த ஆழ்கிணறுகள் என்பது என் கருத்து. இந்த நிகழ்வை எழுத எடுத்துக்கொண்டதற்கும் அதுவே காரணம்.

1977: நீர் ஓடத் தொடங்கியது

நகரின் நான்கு நிலையங்களும் படிப்படியாக மேம்படுத்தப்பட்டன. வழக்கமான உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகு படிகாரம் சேர்த்து நுண்துகள்களைத் திரட்டுதல், வடிகட்டுதல், குளோரின் கலத்தல் என்பது வரிசை. 1977இல், குடிநீர்க் குழாய்க்குப் புறம்பான இரண்டாவது குழாயில், முதல் வாடிக்கையாளர்களுக்கு நீர் போனது. கோல்ஃப் திடல்கள், பூங்காக்கள், பள்ளி மைதானங்கள், பெரிய வணிக வளாகங்கள் மட்டுமே முதலில் இணைக்கப்பட்டன. பொறுப்பாகப் பராமரிக்க ஆள் இருக்கும் இடங்கள் அவை. தவறு நடந்தாலும் யாரைக் கேட்பது என்று தெரியும். நல்ல தொடக்கம்.

குடிநீர்க் குழாயோடு இது எங்கும் கலந்துவிடக் கூடாது என்பதில் கண்டிப்பு காட்டினார்கள். இணைப்பு பெறும் இடத்தின் குடிநீர்க் குழாயில் பின்னோட்டத் தடுப்பான் பொருத்தினார்கள். ஃபுளோரிடா மாநிலம் பின்னர் 1989இல் பொதுமக்கள் நடமாடும் இடங்களுக்கான விதிகளை வகுத்தபோது இத்தகைய அனுபவங்கள் கைகொடுத்தன. கிருமிநீக்கத்துக்கு முன் மிதக்கும் திண்மங்கள் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியாவான மலக் கோலிஃபார்ம், சோதிக்கும் மாதிரிகளில் நூற்றுக்கு 75இல் கண்டறிய முடியாத அளவில் இருக்க வேண்டும். எந்த மாதிரியிலும் 100 மில்லிலிட்டருக்கு 25ஐ மீறக்கூடாது. தரையில் கைக்கெட்டும் குழாய்முனை வைக்கக்கூடாது. பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும், அல்லது தனிக் கருவி கொண்டு மட்டுமே திறக்க முடிய வேண்டும். கோடையில் தாகத்தோடு வரும் பிள்ளை எதைத் திருகும் என்று யோசித்தவர்கள் எழுதிய விதி அது.

இலைநுனி கருகியது

கிருமிகளை எண்ணிப் பயந்தவர்களுக்கு வேறொரு பக்கத்திலிருந்து சிக்கல் வந்தது. தோட்டக்காரர்கள் சில செடிகளின் இலைநுனி பழுத்துக் கருகுவதைக் கண்டார்கள். அசேலியா போன்ற மென்மையான அலங்காரச் செடிகள் நலிந்தன. புல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அரளி செழித்தது. நோயல்ல, உப்பு.

வீட்டுக் கழிவுநீரில் இவ்வளவு உப்பு எப்படி? குளிக்கவும் சமைக்கவும் பயன்பட்ட நீரில் சிறிதளவு உப்பு சேரும், அவ்வளவுதான். மீதி வந்த வழி தரைக்கடியில் இருந்தது. நகரின் பழைய சாக்கடைக் குழாய்கள் பல சுட்ட களிமண்ணால் ஆனவை. கரையோரத்தில் அவை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தன. அங்கே நிலத்தடி நீரே உப்பு. குழாய்ப் பொருத்துகளிலும் விரிசல்களிலும் அந்த உப்புநீர் உள்ளே கசிந்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் எத்தனை முறை வடிகட்டினாலும் கரைந்த உப்பு போகாது; அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) வேண்டும், அது அந்நாளில் இந்த அளவுக்குக் கட்டுபடியாகாது.

அலங்காரச் செடிகள் உப்பின் கூறான குளோரைடை எவ்வளவு தாங்கும் என்று தோட்டக்கலை ஆய்வு நடத்தினார்கள். அதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறந்தன. முதலாவது, லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருந்தால் அந்த நீரைப் பாசனக் குழாயில் விடாமல் ஆழ்கிணற்றுக்குத் திருப்பிவிட வேண்டும். கலங்கலோ திண்மங்களோ மிகுந்தாலும், குளோரின் எச்சம் குறைந்தாலும் அதே விதி. இரண்டாவது, எந்தச் செடி இந்த நீருக்கு ஒத்துவராது என்ற பட்டியலை வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது. உப்பைத் தாங்காத செடியைக் காப்பதைவிட வேறு செடி நடச் சொல்வது மலிவு என்று கணக்கிட்டார்கள்.

இரண்டுமே அன்றைய நிலையில் நியாயமான முடிவுகள். மண் மணற்பாங்கானது; கோடை மழை தேங்கிய உப்பை ஆண்டுதோறும் கழுவி இறக்கிவிடும். களிமண் நிலமாக இருந்திருந்தால் சோடியம் மண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்திருக்கும், கதையே வேறாகியிருக்கும். நம் ஊர்க் களிமண் பகுதிகளில் இந்த 600 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து.

ஆனால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உப்பு உள்ளே வந்த விரிசல் மூடப்படவில்லை. உப்பு எல்லை கடந்தால் திருப்பிவிடும் ஏற்பாடு இருந்ததால், விரிசல் ஒரு பராமரிப்புக் கணக்காக மட்டும் ஒதுங்கிப்போனது. குளோரைடு மானி ஒவ்வொரு நாளும் சொன்ன செய்தி, ‘இந்தக் குழாய் கசிகிறது’ என்பதுதான். அதைத் தோட்டக்கலைச் செய்தியாகவே வாசித்தார்கள்.

வீட்டுப் புல்வெளிகளும் அளக்காத நீரும்

1980களில் இணைப்பு குடியிருப்புகளுக்கும் விரிந்தது. கட்டாயமில்லை, விரும்பிய தெருக்கள் நீட்டிப்புச் செலவில் பங்கு கொடுத்துச் சேர்ந்தன. காலப்போக்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், ஏறக்குறைய 290 மைல் நீளக் குழாய், தீயணைப்புக்குத் துணையாக முந்நூறுக்கும் மேற்பட்ட தீயணைப்புக் குழாய்முனைகள் என்று அது வளர்ந்தது. அமெரிக்காவில் நகர அளவிலான இரட்டைக் குழாய் அமைப்புக்கு முன்னோடி என்ற பெயரும் கிடைத்தது.

வீடுகளுக்கு மீட்டர் வைக்கவில்லை. நிலப்பரப்பைப் பொறுத்து மாதக் கட்டணம். ஒரு காலகட்டத்தில் முதல் ஏக்கருக்குச் சுமார் 10 டாலர். எவ்வளவு விட்டாலும் அதே தொகை. தொடக்கத்தில் இதற்குக் காரணம் இருந்தது: நகரத்துக்கு வேண்டியது நீரைத் தலைமுழுகுவது. ‘எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும்’ என்பதே அன்றைய மனநிலை. கழிவுநீர் என்று முகஞ்சுளிப்பவரை இழுக்க மலிவு உதவியது.

சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. வசந்தகால வறட்சியில் எல்லாத் தெளிப்பான்களும் ஒரே நேரத்தில் திறந்தன. குழாயின் கடைக்கோடியில் இருந்தவர்களுக்கு அழுத்தம் விழுந்தது. எந்த நாளில் யார் பாய்ச்சலாம் என்று முறை வைக்க வேண்டியதாயிற்று. தேவைக்கு மேல் பாய்ந்த நீர் நடைபாதையிலும் தெருவிலும் வழிந்து மழைநீர் வடிகாலில் சேர்ந்தது. வடிகால் போய்ச் சேருமிடம் விரிகுடா. நைட்ரஜனை நீக்க வேண்டியதில்லை, புல் தின்றுகொள்ளும் என்ற மூல வாதத்தில் அங்கே ஓட்டை விழுந்தது. புல்லுக்கு ஏற்கெனவே நீரிலேயே உரம் கிடைக்க, பழக்கத்தில் பையில் வாங்கிய உரத்தையும் போட்டவர்கள் பலர். நகரம் அடங்கிய பினெல்லஸ் கவுண்டி 2010இல், ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்களைப் புல்வெளியில் போடத் தடை விதித்தது.

இவ்வளவுக்கும் நடுவே பலன் பெரிது. குடிநீரில் போயிருக்க வேண்டிய பாசனத் தேவையை இந்த நீர் ஏற்றுக்கொண்டதால் மக்கள்தொகைக்கு ஈடாகக் குடிநீர்த் தேவை ஏறவில்லை. விரிகுடாவுக்குள் நகரம் வழக்கமாக விட்டுவந்த கழிவுநீர் நின்றது. 2016 வாக்கில் கடற்புல் மீண்டும் 40,000 ஏக்கரைத் தாண்டியது. அதில் டாம்பாவின் உயர்நிலைச் சுத்திகரிப்புக்கும் பிற ஊர்களின் முயற்சிக்கும் பங்குண்டு; ஒரு நகரத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அடுத்து வந்த ஆண்டுகளில் கடற்புல் பரப்பு மறுபடி குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2011–2015: ஒரு நிலையத்தை மூடுவது

நான்கு நிலையங்களில் மிகப் பழையது நகர மையத்தில், சிறு விமான நிலையத்தை ஒட்டிய கரையோரத்தில் இருந்தது. அதைப் புதுப்பிப்பதைவிட மூடிவிட்டு, அதன் கழிவுநீரைத் தென்மேற்கு நிலையத்துக்குத் திருப்புவது மலிவு என்று கணக்கிடப்பட்டது. நகர மன்றம் 2011இல் ஒப்புதல் அளித்தது. 2014இல் வெளி ஆலோசகர்கள் தயாரித்த அறிக்கை ஒன்று, தென்மேற்கு நிலையம் விரிவாகாமல் பழையதை மூடினால் கனமழைக் காலத்தில் கொள்ளளவு போதாது என்று எச்சரித்தது. அது நகர மன்றத்தின் கவனத்துக்கு வரவில்லை. 2015 ஏப்ரலில் நிலையம் மூடப்பட்டது.

சராசரி நாளின் கணக்கு சரியாகவே இருந்தது. வறண்ட நாளில் மூன்று நிலையங்கள் தாராளமாகப் போதும்.

2015 ஆகஸ்ட் – 2016 செப்டம்பர்

2015 ஆகஸ்டில் நீண்ட கனமழை. உப்புநீர் கசிந்த அதே விரிசல்கள் வழியே, அதே பொருத்துகள் வழியே, இப்போது மழைநீர் சாக்கடைக்குள் இறங்கியது. நிலையங்களுக்கு வந்த நீர் வழக்கத்தைப் போலப் பல மடங்கு. பாசனத்துக்கு ஒருவரும் நீர் எடுக்கவில்லை; கொட்டும் மழையில் யார் தெளிப்பான் திறப்பார்? எஞ்சியது ஆழ்கிணறுகள் மட்டும். அவை விழுங்கும் வேகத்துக்கு எல்லை உண்டு. நிறைந்த தொட்டிகளிலிருந்து கழிவுநீர் நீர்நிலைகளில் திறந்துவிடப்பட்டது; மேன்ஹோல்கள் தெருவில் பொங்கின.

2016 ஜூனில் காலின் புயலின்போதும், செப்டம்பர் தொடக்கத்தில் ஹெர்மைன் சூறாவளியின்போதும் இது திரும்ப நடந்தது. ஹெர்மைன் கரையேறியது மாநிலத்தின் வடபகுதியில், வெகு தொலைவில். நகரத்துக்கு வந்தது அதன் மழைதான். சுமார் 13 மாதங்களில் வெளியான கழிவுநீர், சுத்திகரிக்கப்படாததும் அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்டதுமாக, ஏறத்தாழ 20 கோடி காலன், அதாவது 75 கோடி லிட்டர். கழிவுநீரே விடாத நகரம் என்று பெயரெடுத்த ஊரில் கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகைகள் நட்டார்கள். கழிவுநீர்த் துறையில் பணியாற்றிய ஒருவர், 2014 அறிக்கையின் எச்சரிக்கையை 2016 செப்டம்பரில் வெளிக்கொண்டுவந்தார்.

பின்பு எடுத்த முடிவுகள்

2017இல் மாநிலச் சுற்றுச்சூழல் துறையோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி நகரம் 32.6 கோடி டாலர் செலவிட ஒப்புக்கொண்டது. தென்மேற்கு நிலையத்தின் கொள்ளளவைக் கூட்டினார்கள். புதிய ஆழ்கிணறுகள் தோண்டினார்கள். பழைய குழாய்களின் உட்புறம் உறையிட்டும், மேன்ஹோல்களை அடைத்தும் கசிவைக் குறைக்கத் தொடங்கினார்கள். தெருக் குழாயை மட்டும் சீர்செய்வதில் அர்த்தமில்லை என்பதும் அப்போது தெளிவானது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தெருவுக்கு வரும் இணைப்புக் குழாயும் அதே வயதுடையது, அதே போல விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் அது வீட்டுக்காரரின் சொத்து. நகரத்தின் அதிகாரமும் பணமும் அங்கே எளிதில் போகாது. இந்தச் சிக்கல் எந்த ஊரிலும் கடைசியாகத்தான் கையிலெடுக்கப்படும்.

தாழ்வான கரையோரத்தில் நிலையங்கள் இருப்பது தனி ஆபத்து. 2024இல் ஹெலீன், மில்டன் சூறாவளிகளின்போது கடல்நீர் ஏறும் அச்சத்தில் வடகிழக்கு நிலையத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது.

எதை மாற்றிச் செய்யலாம்

மூல முடிவை மாற்றத் தேவையில்லை என்று கருதுகிறேன். 1972இன் நெருக்கடிக்கு அது பொருத்தமான விடை. விரிகுடாவும் கிணறுகளும் அதற்குச் சாட்சி. மாற வேண்டியவை அதைச் சுற்றியிருந்த கணக்குகள்.

குளோரைடு அளவீட்டை முதல் நாளிலிருந்தே குழாய் ஆய்வாக நடத்தியிருக்கலாம். கடல் ஏற்றத்தின்போது எந்தப் பம்பிங் நிலையத்தில் உப்பு கூடுகிறது என்று தனித்தனியாக அளந்தால், எந்தத் தெருவின் குழாய் விரிசல் விட்டிருக்கிறது என்பது தோண்டாமலே தெரியும். செடிகளைக் காக்க அளந்த எண்ணிலேயே வரப்போகும் வெள்ளத்தின் முன்னறிவிப்பும் இருந்தது. பாசனத்துக்கு உகந்த நீரும் மழைக்காலப் பாதுகாப்பும் ஒரே செலவில் கிடைத்திருக்கும்.

மீட்டரைப் பிறகு வைப்பது, முதலில் வைப்பதைவிடப் பல மடங்கு கடினம். மலிவாகக் கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். விலையே இல்லாமல் கொடுத்தாலும் மீட்டர் ஓடட்டும். பத்து ஆண்டு கழித்து விலை வைக்க வேண்டிய நாளில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்ற பதிவு கையிலிருக்கும்.

தோட்டம் மட்டுமே வாடிக்கையாளராக இருக்கும் திட்டத்தில் ஆண்டின் பாதி நாள் உபரியும் மீதி நாள் பற்றாக்குறையும் தவிர்க்க முடியாதவை. ஆண்டு முழுக்க ஒரே சீராக நீர் எடுக்கும் ஒருவராவது வேண்டும். சென்னை 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் அமைத்த மறுசுத்திகரிப்பு நிலையங்கள், எதிர்ச்சவ்வூடு பரவல் மூலம் உப்பையும் நீக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. செலவு கூடுதல்தான். ஆனால் மணலித் தொழிற்சாலைக்கு ஐப்பசி மழையிலும் தண்ணீர் வேண்டும். பூங்காக்களை அத்தகைய வாடிக்கையாளருக்கு அடுத்த வரிசையில் வைத்தால், வறண்ட மாதங்களில் மட்டும் அவற்றுக்குப் பங்கிட்டுக் கொள்ளலாம்.

கடைசியாக, எந்த நிலையத்தையும் மூடும் முடிவு மன்றத்துக்கு வரும்போது அதனுடன் ஒரு கேள்விக்குப் பதில் எழுத்தில் இணைக்கப்பட வேண்டும்: பாசனத்துக்கு ஒரு சொட்டும் போகாத, மழை மூன்று நாள் விடாத வாரத்தில், ஒவ்வொரு மணி நேரமும் வரும் நீர் எங்கே போகும்? பதில் ‘ஆழ்கிணறு’ என்றால், ஒவ்வொரு கிணறும் மணிக்கு எவ்வளவு விழுங்கும் என்று அண்மையில் சோதித்த அளவோடு. பதில் ‘தொட்டி’ என்றால், அது எத்தனை மணி நேரத்தில் நிறையும் என்ற கணக்கோடு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அந்தக் கணக்கின் பெரும்பகுதி 2014 அறிக்கையில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.